லேபுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?

போன மாசம் நாமக்கல்லிலிருந்து பழைய நண்பர் ஒருவர் போன் பண்ணினார். கோழித்தீவனமும் தண்ணீரும் பரிசோதிக்கும் சின்ன லேப் நடத்துகிறார். அவரையும் சேர்த்து ஒன்பது பேர். "அண்ணே, அடுத்த வருஷம் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்குப் போடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி ஒரு லிம்ஸ் வாங்கிடணும். மூணு கம்பெனிக்காரங்க வந்து டெமோ காட்டிட்டுப் போயிட்டாங்க. மூணுமே நல்லாத்தான் இருக்கு. எதை வாங்கலாம்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அரைமணி நேரம் பேசினேன். பேசியதை ஒழுங்குபடுத்தி எழுதி வைத்தால் வேறு யாருக்காவது பயன்படுமே என்றுதான் இந்தக் குறிப்பு. இதில் சாஃப்ட்வேர்களை வரிசைப்படுத்தி மார்க் போடப் போவதில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும்தான் எழுதுகிறேன். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. முதலில் அந்தத் தப்பு.

இரண்டு கேன், ஒரு கையெழுத்து

சில வருஷங்களுக்கு முன்னால் சேலம் பக்கம் ஒரு தண்ணீர் பரிசோதனை லேபில் தர மேலாளராக இருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால், பல் உருவாகும் வயதில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். இன்னும் அதிக அளவில், பல வருஷம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

ஒரே நாளில் இரண்டு கேன் வந்தன. ஒன்று ஒரு பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீர். இன்னொன்று வேறு ஊரில் ஒரு வீட்டுக் கிணறு. லேப் நம்பர் 1147, 1174. எலெக்ட்ரோடு வைத்து அளந்ததில் தப்பே இல்லை. பள்ளித் தண்ணீர் 2.6, கிணறு 0.7. ஆனால் ஒர்க் ஷீட்டிலிருந்து ரிசல்ட் ரெஜிஸ்டரில் ஏற்றும்போது 47-ம் 74-ம் மாறிவிட்டன. பள்ளிக்கு 0.7, 'வரம்புக்குள் உள்ளது' என்று ரிப்போர்ட் போனது. கிணற்றுக்காரருக்கு 2.6. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவன் நான்.

23-ஆம் நாள் கிணற்றுக்காரர் நேரில் வந்தார். "சார், ரெண்டு வருஷம் முன்னாடி வேற இடத்துல பார்த்தப்ப ஒண்ணுக்குக் கீழதான் இருந்துச்சு. இப்ப எப்படி திடீர்னு ஏறும்?" மீதித் தண்ணீரை ஒரு மாதம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்த ஃபுளோரைடு மாதிரியை 28 நாள் வரை வைத்து அளக்கலாம். மறுபடி அளந்தோம். 0.7. அப்போ அந்த 2.6 யாருடையது? ரெஜிஸ்டர், ஒர்க் ஷீட், எக்செல் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது.

பள்ளிக்கு நானே போனேன். 23 நாளில் யாருக்கும் பல் கறுத்துவிடாது. ஃபுளோரைடு மெதுவாக வேலை செய்வது. ஆனால் கிணற்றுக்காரர் வராமல் இருந்திருந்தால், எங்கள் காகிதத்தை நம்பி அந்தப் பிள்ளைகள் எத்தனை வருஷம் குடித்திருப்பார்கள்? தலைமையாசிரியர் சத்தம் போடவில்லை. வேறு தண்ணீருக்கு ஏற்பாடு பண்ணிவிடுகிறேன் என்றார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். போன வருஷம் நாங்கள் கொடுத்த ரிப்போர்ட். 0.9 என்று இருந்தது. "இதாவது சரிதானா சார்?" என்று கேட்டார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். லேபில் தேடினால், அந்த ஒர்க் ஷீட்டில் அளந்தவர் கையெழுத்து இல்லை. அன்றைக்கு மீட்டரை கேலிபரேட் பண்ணிய பதிவு இன்னொரு நோட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. கடைசியில் போன் பண்ணி "உறுதியாச் சொல்ல முடியலை சார்" என்றேன். என் வேலையில் அவ்வளவு கூனிக்குறுகி நின்றது அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகுதான் சாஃப்ட்வேர் வாங்கும் பேச்சே வந்தது. அந்தத் தலைமையாசிரியர் கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்ல வைக்கிற சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்று முடிவு பண்ணினோம். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரே தேவையிலிருந்து பிறந்ததுதான்.

லிம்ஸ் எது, எது இல்லை

லிம்ஸ் என்றால் ஆய்வகத் தகவல் மேலாண்மை அமைப்பு. 1980-களின் தொடக்கத்திலிருந்தே விற்பனையில் இருக்கிறது. அதன் மையம் மாதிரி, அதாவது சாம்பிள். கவுன்டரில் வாங்கும்போது ஒரு நம்பர் கொடுத்து, யார் என்ன டெஸ்ட் பண்ண வேண்டும், என்ன வந்தது, யார் சரிபார்த்தார், ரிப்போர்ட் எப்போது போனது, மீதி மாதிரி எங்கே இருக்கிறது, எப்போது கொட்டினோம் என்பது வரை அந்த நம்பரோடு கட்டி வைப்பதுதான் அதன் வேலை.

இதே கடையில் வேறு சரக்கும் விற்கிறார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கானது லிஸ். அதன் மையம் நோயாளி. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு மின்னணு ஆய்வுக் குறிப்பேடு. அதன் மையம் சோதனை. எச்.பி.எல்.சி. போன்ற கருவிகளோடு வருகிற குரோமட்டோகிராபி சாஃப்ட்வேர் அந்தக் கருவியின் தரவை மட்டும் பார்த்துக்கொள்ளும். தீவன லேபுக்கு லிஸ் வாங்கினால், ஒவ்வொரு மூட்டைக்கும் வயசும் பாலினமும் கேட்கும். சிரிக்காதீர்கள், விலை குறைவு என்று இப்படி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அங்கீகாரத்துக்கு லிம்ஸ் கட்டாயம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதுண்டு. பரிசோதனை லேப்களுக்கான தரம் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025. அதன் 2017 பதிப்பில் 7.11 என்ற பிரிவு தகவல் மேலாண்மையைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பிரிவு கம்ப்யூட்டரில் உள்ளதையும் காகிதத்தில் உள்ளதையும் சேர்த்தே தகவல் அமைப்பாகக் கணக்கில் எடுக்கிறது. ஒழுங்காக எழுதிய ரெஜிஸ்டரும் செல்லும். கட்டாயம் என்று யாராவது பயமுறுத்தி விற்றால், அந்த அவசரத்தில் வாங்காதீர்கள்.

மாதிரியோடு நடந்து பாருங்கள்

டெமோ பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, காலையில் கவுன்டருக்கு வருகிற ஒரு மாதிரியோடு கூடவே நடங்கள். ரிப்போர்ட் கவரில் போகும் வரை விடாதீர்கள். அதன் நம்பரை எங்கெல்லாம் கையால் எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

எங்கள் லேபில் எண்ணியபோது ஏழு இடம் வந்தது. கேன் மேல், வரவு ரெஜிஸ்டர், வேலைச் சீட்டு, ஒர்க் ஷீட், ரிசல்ட் ரெஜிஸ்டர், எக்செல், ரிப்போர்ட். ஏழு தடவை எழுதினால், 47-ம் 74-ம் இடம் மாற ஏழு வாய்ப்பு. வாங்குகிற சாஃப்ட்வேர் இந்த ஏழை எத்தனையாகக் குறைக்கும் என்பது முதல் கேள்வி. ஒரு தடவை பதிந்து, பார்கோடு ஒட்டி, மற்ற இடங்களில் ஸ்கேன் பண்ணினால் ஒன்று ஆகிவிடும்.

ஸ்கேனர் வேலை செய்யாத நாளும் வரும். அப்போது நம்பரைத் தட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு நம்பரின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் வைக்கலாம். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அப்படிப்பட்டதுதான். வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஒரு இலக்கம் தப்பானாலும் சரி, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் சரி, கண்டுபிடித்துவிடும். எங்கள் 1147-க்குப் பின்னால் இப்படி ஒரு இலக்கம் இருந்து, அதைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் இருந்திருந்தால், அன்றைக்கே மாட்டியிருக்கும். பல லிம்ஸ்களில் நம்பர் அமைப்பை நாமே வகுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டு வாங்குங்கள்.

லேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண தெர்மல் காகித லேபிள், ஸ்பிரிட் பட்டால் அழியும், வெயிலில் வெளுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரத்தில் கழன்று விழும். ரிப்பன் வைத்து அச்சடிக்கிற பிரிண்டரும் ஈரம் தாங்கும் ஒட்டுத் தாளும் வேண்டும். லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் வாங்கிவிட்டு லேபிளில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண்.

நடக்கும்போது எழுதாத வழக்கங்களும் கண்ணில் படும். வாடிக்கையாளர் போனில் ரிசல்ட் கேட்கிறார், ஒர்க் ஷீட்டைப் பார்த்து யாரோ சொல்லிவிடுகிறார். அவசரம் என்று வந்த மாதிரி பதிவாகாமலே உள்ளே போகிறது, சாயங்காலம்தான் நம்பர் விழுகிறது. இவற்றையும் எழுதி வையுங்கள். இவற்றுக்கு வழி வைக்காத சாஃப்ட்வேரை ஆட்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

தேவைப் பட்டியல்

நடந்து முடித்ததும், கவுன்டரில் இருப்பவர், டெக்னீஷியன், கணக்கு பார்ப்பவர், கையெழுத்துப் போடுபவர் நாலு பேரையும் உட்கார வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். மூன்று பிரிவு போதும். இது இல்லாமல் முடியாது. இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் பிரிவு பத்து, பன்னிரண்டு வரிக்குள் நிற்க வேண்டும். எல்லாமே கட்டாயம் என்று எழுதினால் பட்டியலால் பயனில்லை. டெமோவில் கண்ணைப் பறிக்கிற வண்ண வரைபடங்கள் எங்கள் பட்டியலில் மூன்றாவது பிரிவில்தான் இருந்தன. திருத்தத்தின் தடம் முதல் வரியில் இருந்தது.

அது என்ன தடம்? 17025-இன் 7.5.2 சொல்வது இதுதான்: பதிவைத் திருத்தினால் பழையதும் இருக்க வேண்டும், புதியதும் இருக்க வேண்டும். எதை மாற்றினோம், எந்தத் தேதியில், யார் என்பதும் தெரிய வேண்டும். காகிதத்தில் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போடுவோமே, அதேதான். சாஃப்ட்வேரில் இது தானாகவே பதிவாக வேண்டும், அதை யாராலும், முதலாளியாலும்கூட, நிறுத்த முடியக்கூடாது. மருந்துத் துறையில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி பண்ணுகிறவர்களுக்கு 1997-இல் வந்த 21 சி.எஃப்.ஆர். பார்ட் 11 என்ற விதி இன்னும் கறாரானது. தண்ணீர், தீவன லேபுக்கு அது தேவையில்லை. அதைச் சொல்லி விலையை ஏற்றினால் ஏமாற வேண்டாம்.

கெட்ட நாளைக் காட்டச் சொல்லுங்கள்

டெமோவுக்கு வருகிறவர்கள் நல்ல நாளைத்தான் காட்டுவார்கள். மாதிரி வரும், ரிசல்ட் ஏறும், பச்சை விளக்கு எரியும், அழகான ரிப்போர்ட் விழும். நல்ல நாளை எக்செல்லே சமாளிக்கும். கெட்ட நாளுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அதனால் டெமோவுக்கு முன்பே ஆறு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். உங்கள் சாஃப்ட்வேரில், எங்கள் கண் முன்னால், இதைச் செய்து காட்டுங்கள் என்றோம்.

1. மாதிரி போதவில்லை, அல்லது கேன் உடைந்து வந்தது. ஏழு டெஸ்டில் நாலு மட்டும்தான் பண்ண முடியும். எப்படிப் பதிவது?

2. ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள். பெயர் தட்டினால் இருவரையும் பிரித்துக் காட்டுகிறதா?

3. கையெழுத்து ஆன பிறகு ஒரு ரிசல்ட்டை மாற்ற வேண்டும். யாரால் முடியும்? காரணம் கேட்கிறதா? பழைய எண் எங்கே இருக்கிறது?

4. ரிப்போர்ட் வெளியே போய்விட்டது, திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். புதிய ரிப்போர்ட்டில், இது எந்த ரிப்போர்ட்டுக்குப் பதிலாக வந்தது, என்ன மாறியது என்று தெரிகிறதா?

5. ஒரு எலெக்ட்ரோடு போன செவ்வாயிலிருந்தே தப்பாகக் காட்டியிருக்கிறது என்று இன்று தெரிகிறது. அதில் அளந்த எல்லா மாதிரியும், அவை போன எல்லா ரிப்போர்ட்டும், வாடிக்கையாளர் போன் நம்பரோடு பட்டியலாக வர வேண்டும்.

6. போன வருஷத்து ரிப்போர்ட் நம்பர் ஒன்று. அளந்தவர் யார், எந்த மீட்டர், அன்றைய கேலிபரேஷன் என்ன, எந்தப் பாட்டில் கெமிக்கல், சரிபார்த்தவர் யார்? அதாவது தலைமையாசிரியர் கேட்டது.

ஐந்தாவது முன்னோக்கிப் போகும் தடம், ஆறாவது பின்னோக்கி வரும் தடம். இந்த இரண்டும் இருந்தால் மற்றவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நாங்கள் கூப்பிட்ட நாலு பேரில் இருவர் ஐந்தாவதில் தடுமாறினார்கள். ஒருவர் "அது அடுத்த வெர்ஷன்ல வருது சார்" என்றார். அடுத்த வெர்ஷன் வந்ததும் வாருங்கள் என்று டீ கொடுத்து அனுப்பினோம்.

கணக்கும் கருவியும்

நண்பரிடம் அழுத்திச் சொன்னது கணக்கைப் பற்றி. தீவனத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறோம். பாலுக்கு அதே கணக்கு 6.38. நைட்ரஜன் 0.53 சதவீதம் உள்ள பாலைத் தவறாக 6.25-ஆல் பெருக்கினால் புரதம் 3.38-க்குப் பதில் 3.31 என்று வரும். யார் கண்ணிலும் படாத தப்பு. சாஃப்ட்வேருக்குள் இந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் மாற்றலாம், மாற்றினால் பழைய ரிப்போர்ட்டுகளும் சேர்ந்து மாறிவிடுமா என்று கேளுங்கள். மாறிவிடும் என்றால் அதைத் தொடாதீர்கள்.

அலகும் அப்படித்தான். அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு மைக்ரோகிராமில் பேசுகிற விஷயம். மில்லிகிராம் என்று ஒரு இடத்தில் தப்பாகப் பதிந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அப்புறம், கருவியின் எல்லைக்குக் கீழே இருந்தால் '0.1-க்குக் கீழ்' என்று எழுதுவோம். சில சாஃப்ட்வேர்கள் அதைப் பூஜ்யமாகச் சேமிக்கும். பூஜ்யமும் 0.1-க்குக் கீழும் ஒன்று இல்லை. பிறகு சராசரி எடுக்கும்போது பொய்யான எண் வரும்.

கருவிகளை நேரடியாக இணைக்கலாமா? தராசு, பி.எச். மீட்டர் போன்றவற்றில் பெரும்பாலும் சீரியல் போர்ட்டோ யு.எஸ்.பி.யோ இருக்கும். எச்.பி.எல்.சி. தன் சாஃப்ட்வேரிலிருந்து ஒரு ஃபைலைத் தரும், அதை லிம்ஸ் படித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் முதல் நாளே இணைக்க ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள், தனியாக நாளும் இழுக்கும். தினம் அதிக எண்கள் வருகிற இரண்டு கருவிகளில் தொடங்கினால் போதும். எங்களுக்கு முதலில் இணைத்தது தராசு.

காசும் இடமும்

லேப்வேர், லேப்வான்டேஜ், ஸ்டார்லிம்ஸ், சாம்பிள்மேனேஜர் போன்றவை பெரிய நிறுவனங்களுக்கான பெரிய பெயர்கள். இந்தியாவிலேயே நடுத்தர லேப்களுக்கு எழுதி விற்பவர்களும் நிறைய. இலவச, திறந்த மூல வகையில் செனைட் என்பது ஒன்று. தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பிக்கா லிம்ஸிலிருந்து கிளைத்தது, பைத்தானில் எழுதியது. மருத்துவ லேப்களுக்கு ஓப்பன்எலிஸ் இருக்கிறது.

இலவசம் என்றால் உரிமக் கட்டணம் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதை நிறுவ, நம் ரிப்போர்ட் வடிவத்துக்கு மாற்ற, பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். காசு கொடுத்து வாங்கினாலும், உரிமம் மட்டும் செலவில்லை. நிறுவும் செலவு, வருஷாந்திரப் பராமரிப்பு, கருவி இணைப்பு, ரிப்போர்ட் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் கட்டணம், பயிற்சி. ஐந்து வருஷத்துக்கும் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். முதல் வருஷ விலையில் மலிவாக இருந்தது, எங்கள் கணக்கில் ஐந்தாம் வருஷத்தில் மிக விலை உயர்ந்ததாக வந்து நின்றது. உரிமம் ஆள் கணக்கா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் கணக்கா என்பதையும் கேளுங்கள். ஒன்பது பேர் ஷிப்டில் வேலை செய்தால், ஒரே நேரத்தில் நாலு பேர்தான் உள்ளே இருப்பார்கள்.

கிளவுடா, நம் லேபிலேயே சர்வரா? கிளவுடில் போட்டால் சர்வர் கவலை இல்லை, ஆனால் நெட் போனால் வேலை நிற்கும். அந்த ஒரு மணி நேரம் காகிதத்தில் எழுதி அப்புறம் ஏற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியார் இடத்தில் தரவு இருந்தாலும், அவர்கள் விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று உறுதி செய்வது லேபின் பொறுப்பு என்று 17025 சொல்கிறது. சொந்த சர்வர் என்றால் யு.பி.எஸ்., பேக்கப் எல்லாம் நம் தலையில். பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு தடவையாவது அதை வேறு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பார்த்தால்தான் அதை நம்பலாம்.

வெளியே வரும் வழி

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: நாளைக்கு நாங்கள் விலகினால், எங்கள் தரவை எப்படிக் கொடுப்பீர்கள்? ரிப்போர்ட் பி.டி.எஃப். மட்டும் போதாது. எல்லா மாதிரி, எல்லா ரிசல்ட், திருத்தத் தடம், கேலிபரேஷன் பதிவு, இணைப்புகள் எல்லாம் எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் வர வேண்டும். எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கம்பெனியை மூடிவிட்டால் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாங்கிய மூன்றாம் மாதமே ஒரு தடவை முழுத் தரவையும் வெளியே எடுத்துப் பார்த்தோம். தேதி எல்லாம் மாதமும் நாளும் இடம் மாறி வந்திருந்தது. அப்போதே சொல்லிச் சரிசெய்ய வைத்தோம்.

அக்கா சொன்னது

புழக்கத்துக்குக் கொண்டுவரும் முன்னால் சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று சரிபார்த்துப் பதிவு வைக்க வேண்டும். இதுவும் 7.11-இல் இருக்கிறது. பழைய ஒர்க் ஷீட்டிலிருந்து முப்பது கணக்குகளை எடுத்து, கையால் போட்டதும் சாஃப்ட்வேர் போட்டதும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தோம். இரண்டில் கடைசி இலக்கத்தை முழுமையாக்குவதில் வித்தியாசம் வந்தது. பிறகு ஒரு மாதம் ரெஜிஸ்டரும் சாஃப்ட்வேரும் சேர்ந்தே ஓடின. எல்லோரும் திட்டினார்கள். ஆனாலும் அந்த மாதத்தைச் சுருக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் அங்கேயே வேலை செய்த டெக்னீஷியன் அக்கா ஒருவர் முதல் நாளிலிருந்தே வேண்டாம் என்றார். வயசானவர், கம்ப்யூட்டர் பிடிக்கவில்லை என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இரண்டாம் வாரம் உட்கார்ந்து கேட்டேன். "கையில கிளவுஸ் ஈரமா இருக்கு தம்பி. கம்ப்யூட்டர் அந்த ரூம்ல இருக்கு. ஒவ்வொரு ரீடிங்குக்கும் கழட்டிட்டு ஓட முடியுமா? துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டு சாயங்காலம் தட்டறேன்" என்றார்.

அதாவது ஏழாக இருந்ததை ஒன்றாக்கிவிட்டோம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்தபோது, துண்டுச் சீட்டு என்று ஒரு புது இடம் முளைத்திருந்தது. 47-ம் 74-ம் மறுபடி அங்கே காத்துக்கொண்டிருந்தன. அளந்த இடத்திலேயே, அளந்த நேரத்திலேயே பதிய வேண்டும் என்பது தரவு நேர்மையின் அடிப்படை. ஈரக் கையால் தட்டக்கூடிய ஒரு டேப்லெட்டை மீட்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டினோம். அதற்கு அடுத்த நாள் முதல் அக்காதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதை முதலிலேயே, வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். நடக்கும்போது மாதிரியைப் பார்த்தேன், அதைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை.

நாங்கள் எதை வாங்கினோம் என்று நண்பரும் கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் அதையே வாங்கிவிடுவார். எங்கள் ஏழு இடம் வேறு, அவருடையது வேறு. ஆறு கேள்வியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அந்தப் பள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு வருஷமும் நாங்களே போய் மாதிரி எடுத்தோம். முதல் தடவை காசு வாங்கவில்லை. போன வருஷத்து 0.9 சரியா தப்பா என்பது கடைசி வரை தெரியவில்லை. அது தெரியாமலேயே போய்விட்ட ஒன்று. அதற்குப் பின் கொடுத்த ரிப்போர்ட்டுகளைப் பற்றி யார் கேட்டாலும் சொல்ல முடியும், அவ்வளவுதான்.

நேற்று நண்பர் மறுபடி போன் பண்ணினார். ஒரு மூட்டை மக்காச்சோள மாதிரியோடு காலையிலிருந்து நடந்தாராம். "ஒன்பது இடம் வருதுண்ணே. ஒன்பதாவது என்னன்னு தெரியுமா? ரிப்போர்ட்டைக் கவர்ல போட்டு, கவர் மேல பையன் பேனாவால நம்பர் எழுதறான்" என்றார். டெமோ காட்டிய மூவரையும் அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.